பாதை அகன்றது, பயணி எங்கே?



சின்னசேலம் ரயில் நிலையத்தை அறிவீர்கள். சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில், மரவள்ளி மூட்டைகளையும் மக்காச்சோள மூட்டைகளையும் மனிதர்களையும் ஒன்றாகக் கண்டு பழகிய நிலையம் அது. நான் சிறுவனாக இருந்த நாளில் அங்கே கிடந்தது மீட்டர் பாதை. தண்டவாளம் இரண்டுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். பின்னர் அகலப்பாதை வந்தது. இடைவெளி 1676 மில்லிமீட்டர் ஆயிற்று. பாதையை மாற்றிய காலத்தில் வண்டி நின்றது, பேருந்தில் நசுங்கினோம், முணுமுணுத்தோம். பணி முடிந்ததும் புதிய வண்டியில் ஏறி அமர்ந்தோம். பழைய பெட்டிதான் போயிற்று, பயணி போகவில்லை. சீட்டு வாங்கி நின்ற உழவனைப் பார்த்து, "உன் கால் மீட்டர் பாதைக் கால், அகலப்பாதை வண்டியில் அதை வைக்கலாகாது!" என்று எந்த நிலைய அதிகாரியும் கூறவில்லை.

கைப்பேசியில் கூறுகிறார்கள்!

சென்ற திங்களில் கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கிளைக் கூட்டம். பேசி முடித்து இறங்கினேன். தேநீர்க் கடை ஓரத்தில் ஒரு பெரியம்மா காத்திருந்தார். முந்தானையில் முடிந்திருந்த கைப்பேசியை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொன்னார்களாம். இறக்கப் போனால் திரையில் ஒரு வாசகம்: உங்கள் சாதனத்துக்கு இது பொருந்தாது.

"என்ன தம்பி இது? போனு நல்லாத்தான இருக்குது? பேசுது, படம் காட்டுது, பேத்திக்குப் பாட்டுப் போடுது. அப்புறம் என்ன பொருந்தலையாம்?"

ஒன்றரை மணி நேரம் ஒலிபெருக்கியே அதிர முழங்கிவிட்டு வந்தவன் நான். அந்த ஒற்றைக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடியவனுக்குச் சில்லுகளின் சாத்திரம் எங்கிருந்து வரும்? மறுநாள் கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் அந்தக் கருவியைக் கொண்டு சென்றேன். அவர் சொல்லித் தந்ததையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் உங்கள்முன் வைக்கிறேன். ஏனெனில் இது பெரியம்மாவின் கைப்பேசியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிய செய்தி.

முதலில் ஒரு சொற்சிக்கல். தமிழர் நாம் கைப்பேசியின் உள்ளே கணக்குப் போடும் கல்லையும் செயலி என்கிறோம். அதன்மேல் ஓடும் மென்பொருளையும் செயலி என்கிறோம். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே பெயர் வைத்தால் வீட்டில் குழப்பம் வராதா? ஆகவே இக்கட்டுரையில் உள்ளே இருப்பதைச் சில்லு என்பேன். மேலே ஓடுவதைச் செயலி என்பேன்.

சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை மொழி உண்டு. கூட்டு, கழி, எடு, வை, தாவு என்னும் சிற்றாணைகளின் தொகுப்பு அது. அந்த மொழியில் எழுதினால் சில்லு கேட்கும். வேறு மொழியில் எழுதினால் கல்லாகவே கிடக்கும். உலகத்துக் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை பேசுவது ஆர்ம் என்னும் மொழி. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில், ஏக்கார்ன் என்னும் சிறிய கணிப்பொறி நிறுவனத்தில் பிறந்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர் வடிவமைத்தனர்; 1985 ஏப்ரலில் முதற்சில்லு உயிர்பெற்றது. 1990-இல் தனி நிறுவனமாயிற்று.

அந்தச் சில்லு 32 பிட் சில்லு. பிட் என்றதும், வைகைக் கரையில் மண் சுமந்து தின்ற பிட்டு என எண்ண வேண்டா. பரீட்சைக்கு மடித்து எடுத்துச் செல்வார்களே, அந்தப் பிட்டும் அன்று. ஒன்று அல்லது சுழி. ஆம் அல்லது இல்லை. அதுவே ஒரு பிட். 32 பிட் என்றால், ஒரே மூச்சில் 32 இடங்கள் கொண்ட எண்ணைக் கையாளும் ஆற்றல்.

32-க்கும் 64-க்கும் இடையே இரு மடங்கு வேறுபாடுதானே என்று நினைப்போர்க்கு ஒரு கதை. சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்டான். முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. இப்படி 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக் கொடுத்தால் போதும் என்றான். இவ்வளவுதானா என நகைத்தான் மன்னன். பாதிப் பலகை முடியும்போது, 32 கட்டங்களுக்கும் சேர்த்து நெல் ஏறத்தாழ 429 கோடி. களஞ்சியம் தாங்கும், கணக்கன் மட்டும் வியர்ப்பான். முழுப் பலகைக்கோ ஏறத்தாழ 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி! அரசையே விற்றாலும் ஈடாகாது. 2022-இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடத்திக் காட்டிய தமிழ்நாட்டில் இக்கதைக்கு விரிவுரை வேண்டுவதில்லை.

32 பிட் சில்லு பாதிப் பலகை அரசன். நினைவகத்தில் 429 கோடி அறைகளுக்குத்தான் அதனால் இலக்கம் இட முடியும். 4 ஜிபி என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். படமும் பேச்சும் வரைபடமும் வங்கியும் ஒரே கருவிக்குள் புகப் புக, அந்த வீடு போதவில்லை. 2011 அக்டோபரில் ஆர்ம் நிறுவனம் தன் 64 பிட் கட்டளை மொழியை அறிவித்தது. வீட்டைப் பெரிதாக்கியதோடு நிற்கவில்லை அது. கணக்குப் போடும்போது எண்களைக் கையில் ஏந்தி வைக்கும் சிறு பேழைகள் பழைய மொழியில் 16. புதிய மொழியில் 31. மறைகுறியீட்டுக் கணக்குகளுக்கெனத் தனி ஆணைகளும் வந்தன. பணப் பரிமாற்றம் பத்திரமாக நடப்பதற்கு அவை துணை. ஆக, இந்த மாற்றம் வெறும் பகட்டு அன்று. பழைமையைக் கட்டி அழும் பழக்கம் நமக்கு என்றும் இல்லை. அகலப்பாதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 5எஸ் கருவியில் முதன்முதலாக 64 பிட் சில்லை வைத்தது. 2014 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 5.0 புதிய மொழிக்கு இடம் தந்தது. இந்த இடைக்காலத்துச் சில்லுகள் இருமொழி அறிந்தவை. 32-லும் பேசும், 64-லும் பேசும். இருமொழிக் கொள்கையின் பயனை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பழையவர்களோடு பழைய மொழி, உலகத்தோடு புதிய மொழி, எவரும் வெளியே நிற்கவில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் எத்தனை நாள்?

2017 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ். 11 பதிப்பில் 32 பிட் செயலிகளை அடியோடு நிறுத்தியது. கூகுள் நிறுவனம், சில்லின் மொழியிலேயே எழுதப்பட்ட பகுதியுள்ள செயலிகள் யாவும் 64 பிட் வடிவமும் வைத்திருக்க வேண்டும் என 2019 ஆகஸ்ட் முதல் விதித்தது. 2022 அக்டோபரில் வந்த பிக்சல் 7 கைப்பேசி பழைய மொழிச் செயலிகளை ஏற்கவே மறுத்தது. ஆர்ம் நிறுவனமோ தன் புதிய பெரிய சில்லுகளிலிருந்து பழைய மொழியை நீக்கத் தொடங்கியது. கூகுளின் விதி பழைய வடிவத்தைத் தடை செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இரு வடிவங்களை எழுதிச் சோதித்துக் காப்பது செலவு என்று கருதும் நிறுவனம் எதைக் கைவிடும்? பணக்காரன் கையில் உள்ளதையா, பெரியம்மா முந்தானையில் உள்ளதையா?

இனி அந்தப் பெரியம்மாவின் கைப்பேசிக்கு வருகிறேன். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பேத்தியின் படிப்புக்கென்று கடன் வாங்கி வாங்கியது. பழுது பார்ப்பவர் அதன் உள்விவரத்தை எடுத்துக் காட்டியபோது நான் திகைத்தேன். தோழர்களே, உள்ளே இருக்கும் சில்லு 64 பிட் சில்லு! இருமொழியும் அறிந்த சில்லு! ஆனால் அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கும் இயங்குதளம் 32 பிட்.

ஏன் இந்தக் கொடுமை? 64 பிட் முறையில் ஒவ்வோர் இலக்கமும் நீளம். அதனால் செயலிகள் கூடுதல் நினைவகம் கேட்கும். மலிவுக் கைப்பேசியில் நினைவகம் ஒன்றோ இரண்டோ ஜிபிதான். அதைச் சிக்கனப்படுத்தவே, மலிவுக் கருவிகள் பலவற்றில் உற்பத்தியாளர் பழைய மொழியையே ஏற்றி விற்றனர். அன்றைக்கு அது தவறும் அன்று. கருவி திணறாமல் ஓட அதுவே வழி. ஆனால் விளைவைப் பாருங்கள். பட்டம் பெற்ற பிள்ளையை, "வீட்டில் இடமில்லை, அரிச்சுவடியோடு நிறுத்திக்கொள்" என்று மூலையில் உட்கார வைத்தார்கள். சில ஆண்டு கழித்து, "உனக்கு அரிச்சுவடிதானே தெரியும், வெளியே போ" என்கிறார்கள். கதவை அடைத்தவனும் அவனே. உள்ளே வரவில்லை எனக் குறை சொல்பவனும் அவனே! இந்தக் காட்சியை நான் நாடகத்தில் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள்.

இஃது ஒரு பூட்டு. இயங்குதளத்தின் வயது இன்னொரு பூட்டு. வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4 கருவிகளைக் கைவிட்டது. பூட்டுகள் வேறு வேறு. வெளியே நிற்பவர் மட்டும் ஒருவரே.

"கைப்பேசி ஆடம்பரப் பொருள், பழையது போனால் புதியது வாங்கட்டும்" என்று குளிர்ந்த அறையில் அமர்ந்து கூறும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆடம்பரப் பொருளைக் கூலிக்குச் சாவியாக்கியது யார்? நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைப் பதிய ஒரு கைப்பேசிச் செயலியை ஒன்றிய அரசு 2021 மே மாதத்தில் கொண்டு வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நாளைக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. வெயிலில் மண் வெட்டியவளின் கூலி, பணித்தளப் பொறுப்பாளர் கையில் இருந்த கைப்பேசியின் நலத்தைப் பொறுத்தது என்றாயிற்று. வெள்ளிமலைப் பக்கம் அலைவரிசை தேடிப் பாறைமேல் ஏறுகிறவர்களைக் கண்டவர்கள் இதன் பொருளை உணர்வார்கள். மண்வெட்டி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். கைப்பேசியின் கட்டளை மொழி மழுங்கினால் எந்தக் கல்லில் தீட்டுவது?

நம் வீட்டு முற்றத்தையும் பார்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டு அரசின் துறைகளும் செயலிமேல் செயலியாக வெளியிடுகின்றன. ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு வருவதே. ஆயினும், வெளியிடும் முன், ஏழையின் பழைய கருவியில் ஓட்டிப் பார்த்தார்களா? மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது ஆயிரம் ரூபாய் வந்த செய்தியை வெறும் பொத்தான் கைப்பேசியும் குறுஞ்செய்தியாகக் கூவிச் சொல்லிற்று. எளிய வழி இருக்கும்போது எளியவர் உள்ளே வருகிறார். அந்த வழியைத் தூர்த்துவிட்டுச் செயலிக் கதவு ஒன்றையே வைப்பது, யார் செய்தாலும் தவறு. நம்மவர் செய்தால் நாம் முதலில் சொல்ல வேண்டும்.

மாற்றத்தை மக்களைக் கைவிடாமல் செய்ய முடியுமா? முடியும்; இந்த நாடே செய்திருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் ரூபாயின் கணக்கு மாறிற்று. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்று முதல் 100 நயா பைசா. நான் பிறக்கும் முன்னர் நடந்தது. பாட்டி சொல்லக் கேட்டது. அரையணாவுக்கு மூன்று, ஓரணாவுக்கு ஆறு, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று கடைச் சுவரில் பட்டியல் தொங்கியதாம். அரைக்காசும் கால்காசும் இடையிலே கடைக்காரர் கல்லாவில் மறைந்தன என்பதும் பாட்டி சொன்னதே. அந்தக் கோபம் அவருக்குச் சாகும்வரை தீரவில்லை. ஆனாலும் பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுக் காலம் ஒரே சுருக்குப் பையில் ஒன்றாகக் கிடந்தன. கிழவியின் பழைய ஓரணாவைப் பார்த்து, "பொருந்தாது" என்று ஒரே இரவில் எவரும் சொல்லிவிட முடியவில்லை. ஏன்? காசு அடிக்கும் உரிமை ஓர் அரசிடம் இருந்தது. அந்த அரசைத் தேர்தலில் கேள்வி கேட்கும் உரிமை மக்களிடம் இருந்தது.

கைப்பேசியின் காசை அடிப்பது யார்? கட்டளை மொழி கேம்பிரிட்ஜில். அந்த நிறுவனத்தை 2016-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2,400 கோடி பவுன் கொடுத்து வாங்கியது. 2023-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பங்கு விற்றது. செயலிக் கடையின் திறவுகோல் கலிஃபோர்னியாவில். உயர்ந்த சில்லுகளை வார்ப்பது தைவானில். இவர்களுள் எவரும் சின்னசேலத்தில் வாக்குக் கேட்க வருவதில்லை.

நம் பங்கு? ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்களைப் பூட்டி இணைப்பவை தமிழ்நாட்டுப் பெண்களின் கைகள். கை நம்முடையது, கல் அவர்களுடையது. கல்லின் மீது உரிமையில்லாதவன் நிலை என்னவென்பதையும் அதே ஊர் கண்டது. 2006-இல் அங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-இல் கதவடைத்தது. வரி வழக்கு ஒரு காரணம். பொத்தான் கைப்பேசியின் காலம் முடிந்தது இன்னொன்று. ஆயிரக்கணக்கான இளைஞர் வெளியே நின்றனர். தொழில்நுட்பம் தடம் மாறும்போது கருவி மட்டும் பழையதாவதில்லை. அதைச் செய்த மனிதரையும் பழையவராக்கி வீசுகிறார்கள்.

இந்தியா முயலவில்லையா? மொகாலியில் அரசுச் சில்லுத் தொழிற்சாலை 1984-இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. தைவானின் புகழ்பெற்ற டி.எஸ்.எம்.சி. நிறுவனம் பிறந்தது 1987-இல்! மூன்றாண்டு முந்தி நின்றோம். 1989 பிப்ரவரியில் மொகாலி தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுந்தது; எனினும் ஓட்டப் பந்தயத்தில் விழுந்தவனுக்காக எதிராளி நிற்பானா?

ஆயினும் கிண்டியிலிருந்து ஒரு நல்ல செய்தி உண்டு. ரிஸ்க்-ஃபைவ் என்று ஒரு கட்டளை மொழி. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதைப் பயன்படுத்த எவருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. வாளியும் கயிறும் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதும். அம்மொழியில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு, சக்தி என்னும் சில்லு வரிசையை வடித்தது. பெயரைக் கேட்டுப் பகுத்தறிவாளர் முகம் சுளிக்க வேண்டா. இது விளக்கேற்றி வரவழைத்த சக்தி அன்று, கணக்கெழுதி வரவழைத்த சக்தி. 2018-இல் முதலில் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், பின்னர் அதே மொகாலியிலும் சக்திச் சில்லுகள் வார்க்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் விண்வெளிப் பணிக்கான ஒரு சில்லை இஸ்ரோவும் அந்தக் கழகமும் சேர்ந்து அறிவித்தன.

இதைக் கொண்டு நாளையே நம் கைப்பேசி வந்துவிடும் என்று மார் தட்டினால் அது பொய். மொகாலியின் வார்ப்பு 180 நானோமீட்டர். உயர்ந்த கைப்பேசிச் சில்லுகளோ 2023-இலேயே 3 நானோமீட்டரைத் தொட்டன. விண்கலத்துக்கும் இயந்திரத்துக்கும் நம் சில்லு உதவும். உள்ளங்கைக்கு வர நெடுந்தொலைவு. இருந்தாலும், தண்டவாளம் போடத் தெரிந்தவனிடம்தான் பாதையை எப்போது மாற்றுவது என்று பேச முடியும்.

அதுவரை சும்மா இருப்பதா? அரசு வாங்கும் செயலி எதுவாயினும், 32 பிட் கருவியிலும் ஓடும் வடிவம் இத்தனை ஆண்டுக்கு உண்டு என எழுத்தில் உறுதி தராத நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்று ஆணையிட இன்றே முடியும். செயலி இல்லாதவருக்கு ஒரு மாற்று வழி, ஊராட்சி அலுவலகத்திலோ குறுஞ்செய்தியிலோ கட்டாயம் என்று சொல்லவும் முடியும். தங்கள் கருவி எந்த ஆண்டு வரைக்கும் பயன்படும் என்பதைப் பெட்டியின்மேல் தமிழில் அச்சிட வேண்டும் எனக் கேட்கவும் முடியும். ரொட்டிப் பொட்டலத்துக்கே நாள் குறிக்கிறார்கள். கடன் வாங்கி வாங்கும் கைப்பேசிக்குக் குறித்தால் என்ன?

நாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய 32 பிட் முறையில் நேரத்தை எண்ணும் கருவிகள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. 2038 ஜனவரி 19 காலை, நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும். அடுத்த நொடி, திருத்தப்படாத கருவி 1901 டிசம்பருக்குத் திரும்பிப் போகும்! நாட்டையே நூறாண்டு பின்னுக்கு இழுக்க முயல்வோர் சிலரை நாம் கண்டதுண்டு; அவர்கள் இவ்வளவு துல்லியமாக நாள் குறித்ததில்லை. புதிய பாதை வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று. அந்த நாள் வரும்முன் எல்லாரையும் மாற்றியாக வேண்டும். எல்லாரையும் என்றால், வாங்க வசதியுள்ளோரை மட்டும் அன்று.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் எவரது கைப்பேசியில் எந்த அரசுச் செயலி மறுக்கப்பட்டது, அதனால் எது கிடைக்காமல் போயிற்று, கருவி வாங்கிய ஆண்டு எது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். கல்வராயன் மலை ஊர்களுக்கு நேரில் சென்று கேளுங்கள். அங்கிருந்து அட்டை தானாக வராது. வந்து சேர்வனவற்றைக் கட்டி, துறை அமைச்சரின் மேசையில் வைக்கலாம்.

பெரியம்மாவின் கைப்பேசி பற்றிய முதல் அட்டையை நானே எழுதிவிட்டேன்.